2000 கோடி மார்க் ஸ்டாம்பு

20,000,000,000. இரண்டுக்குப் பின்னால் எத்தனை சைபர் என்று எண்ணிவிட்டீர்களா? பத்து. நம் கணக்கில் 2000 கோடி.

இது ஏதோ ஊழல் தொகை இல்லை நண்பர்களே. ஒரு தபால்தலையின் விலை. 1923 நவம்பர் 20ஆம் தேதி ஜெர்மனியில் ஒருவர் இன்னொரு ஊரில் இருக்கும் தன் மாமாவுக்குச் சாதாரணமாக ஒரு கடிதம் போட வேண்டும் என்றால் 2000 கோடி மார்க்குக்கு ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். அந்த ஸ்டாம்பில் ஒன்று என் ஆல்பத்தில் இருக்கிறது. ராஜா தலை இல்லை, தலைவர் தலை இல்லை, படம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வட்டமாக ஒரு அலங்காரம், நடுவில் 20, அதனுடன் 'மில்லியார்டன்' என்ற சொல், 'டாய்ச்சஸ் ரைக்' என்று நாட்டின் பெயர். அவ்வளவுதான். நாளைக்கு விலை மாறப் போகிறது என்று தெரிந்த பிறகு எவன் உட்கார்ந்து படம் வரைவான்?

(திருமங்கலம்காரன் பணத்தைப் பற்றி எழுதுகிறான் என்றதும் 2009 இடைத்தேர்தலும் 'ஃபார்முலா'வும் ஞாபகத்துக்கு வருபவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது வேறு கணக்கு.)

பி.காம். படிக்கிறவன் ஸ்டாம்பு சேர்த்தால் எங்கே போய் நிற்பான்? விலையில்தான். மற்றவர்கள் பூ, பறவை, ரயில் என்று சேர்க்கிறார்கள். எனக்கு முதல் உலகப்போருக்கும் இரண்டாம் உலகப்போருக்கும் நடுவில் வந்த ஜெர்மன் ஸ்டாம்புகள் மேல் பைத்தியம். அதிலும் 1923. பணவீக்கம் என்பதை நம் பாடப்புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்லி முடித்துவிடுகிறது. இந்த ஸ்டாம்புகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அது நடந்ததைக் கண்ணால் பார்க்கலாம்.

அடுக்கிக் காட்டுகிறேன், பாருங்கள். 1914இல் போர் தொடங்கும்போது உள்நாட்டுக் கடிதத்துக்குப் பத்து பென்னிக். நூறு பென்னிக் ஒரு மார்க். போரில் ஜெர்மனி பெரும்பாலும் கடன் பத்திரம் விற்றே செலவு செய்தது. ஜெயித்ததும் தோற்றவனிடம் வசூலித்துக் கட்டிவிடலாம் என்பது கணக்கு. தோற்றது தான்தான் என்று ஆனதும் கணக்கு தலைகீழாகப் போனது. கடன் ஒரு பக்கம், நட்ட ஈடு ஒரு பக்கம். 1922 ஜனவரியில் அதே கடிதத்துக்கு 2 மார்க். அந்த வருட டிசம்பரில் 25 மார்க். 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் என்கிற நிலக்கரிப் பகுதிக்குள் படையோடு நுழைந்தன. அங்கே வேலைக்குப் போக மறுத்த தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க அரசாங்கம் நோட்டை அடித்துத் தள்ளியது. அதற்குப் பிறகு:

ஜனவரி நடுவில் 50 மார்க். மார்ச்சில் 100. ஜூலையில் 300. ஆகஸ்ட் 1இல் 1000. அதே ஆகஸ்ட் 24இல் 20,000. செப்டம்பர் 1இல் 75,000. செப்டம்பர் 20இல் இரண்டரை லட்சம். அக்டோபர் 1இல் 20 லட்சம், 10ஆம் தேதி 50 லட்சம், 20ஆம் தேதி ஒரு கோடி. நவம்பர் 1இல் 10 கோடி. நவம்பர் 5இல் 100 கோடி. நவம்பர் 12இல் 1000 கோடி. நவம்பர் 20இல் 2000 கோடி. நவம்பர் 26இல் 8000 கோடி. டிசம்பர் 1இல் 10,000 கோடி.

ஒரே வருடத்தில் பதினாறு முறை. அதே 1923இல் இங்கே மதுரையிலிருந்து மெட்ராசுக்குக் கடிதம் போட ஒரு அணா. வருடம் முழுக்க ஒரு அணாதான். அதற்கு முந்தைய வருடம் அரை அணாவை ஒரு அணா ஆக்கியிருந்தார்கள், அதுவே பெரிய உயர்வு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தபால் கட்டணம் ராக்கெட் மாதிரி ஏறியது என்று பார்த்ததும் தோன்றும். உண்மையில் அது பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தது. கால்குலேட்டரை எடுங்கள். 1914இல் ஒரு டாலருக்கு 4 மார்க் 20 பென்னிக். கடிதம் பத்து பென்னிக் என்றால் ஒரு டாலருக்கு 42 கடிதம் போடலாம். 1923 நவம்பர் 20இல் ஒரு டாலர் 4,20,000 கோடி மார்க். கடிதம் 2000 கோடி. வகுத்துப் பாருங்கள், 210 கடிதம் வருகிறது! அதாவது 2000 கோடி என்று அச்சடித்திருந்தாலும் அது பழைய இரண்டு பென்னிக்தான். தபால் துறை ஐந்தில் ஒரு பங்கு கூலிக்கு வேலை பார்த்திருக்கிறது. விலையை ஏற்றி அறிவிப்பதற்குள் மார்க் அதைவிட வேகமாக விழுந்துவிடும்.

முடிவு இன்னும் அழகு. நவம்பர் 15இல் ரென்டன்மார்க் என்ற புதிய பணம் வந்தது. ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க். டிசம்பர் 1ஆம் தேதிக் கட்டணமான 10,000 கோடியைப் புதிய பணத்தில் போட்டுப் பாருங்கள். பத்து பென்னிக். 1914இல் எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து நிற்கிறது. எந்த வாத்தியார் கணக்குப் போட்டாலும் இப்படி ஒரு விடை வரும்படி போட முடியாது.

அந்த நவம்பர் மாதத்து உறைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். முன்பக்கம் இடம் போதாமல் பின்பக்கம் முழுக்கத் தாள் தாளாக ஸ்டாம்பு ஒட்டியிருப்பார்கள். சில இடங்களில் ஸ்டாம்பே தீர்ந்துபோய், காசை வாங்கிக்கொண்டு "கட்டணம் செலுத்தப்பட்டது" என்று மட்டும் குறித்து அனுப்பினார்கள். பழைய ஸ்டாம்பு மேலேயே புது விலையைக் கறுப்பு மையில் அடித்து விற்றார்கள். ஓரத்தில் துளை போட நேரம் இல்லாமல் வெறும் கீறல் மட்டும் போட்டு வந்த தாள்களும் உண்டு. கடைசியில் நவம்பர் 26 முதல் 30 வரை ஐந்து நாளைக்கு ஒரு வேடிக்கை செய்தார்கள். ஸ்டாம்பில் என்ன போட்டிருக்கிறதோ அதைப்போல நான்கு மடங்கு விலைக்கு விற்றார்கள், நான்கு மடங்கு மதிப்புள்ளதாகவே ஏற்றுக்கொண்டார்கள். என் 2000 கோடி ஸ்டாம்பு அந்த ஐந்து நாளும் 8000 கோடி. அச்சகம் தோற்றுவிட்டது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரிதான் அது.

என் வகுப்புத் தோழர்களுக்காக ஒரு இடைச்செருகல். இன்ஃப்ளேஷன் அக்கவுண்டிங் பாடத்தை நாம் எல்லோரும் பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் தொடுவோம் அல்லவா? அதன் வேர் இங்கேதான் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் வாங்கிய மெஷினை ஆயிரம் மார்க் என்று கணக்கில் வைத்துக்கொண்டு, இந்த வருட லாபத்தைக் கோடிகளில் காட்டினால் அந்த பேலன்ஸ் ஷீட்டுக்கு என்ன அர்த்தம்? 1923 டிசம்பர் 28இல் ஒரு ஆணை போட்டு, எல்லா நிறுவனங்களும் தங்க மார்க்கில் புதிதாக ஆரம்ப இருப்புக் கணக்கு எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஜெர்மானியர்கள் இதைப் பற்றி எழுதியதையெல்லாம் படித்துத்தான் ஹென்றி ஸ்வீனி என்ற அமெரிக்கர் 1936இல் விலைமட்டத்துக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தும் முறையைப் புத்தகமாகப் போட்டார். இன்று நம்மிடம் இருக்கும் இந்த் ஏ.எஸ். 29 மிகைப் பணவீக்க நாடுகளுக்கானது. மூன்று வருடத்தில் மொத்த விலையேற்றம் 100 சதவீதத்தை நெருங்கினாலே அதைப் பார்க்கச் சொல்கிறது. ஜெர்மனியில் அந்த அக்டோபரில் பத்தே நாளில் தபால் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஸ்டாம்பை அப்பத்தாவிடம் காட்டி விலையைச் சொன்னேன். அவருக்குத் தபாலாபீஸ் என்றால் கோயில் மாதிரி. பாஸ்புக்கை மஞ்சள் பையில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பவர். கொஞ்ச நேரம் ஸ்டாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப அந்த ஊர்ல காசு சேத்து வச்சிருந்த கிழவிகல்லாம் என்னடா ஆனாளுக?" என்று கேட்டார். நான் இத்தனை நாள் டாலர், மார்க், சைபர் என்று பேசிக்கொண்டிருந்தேனே தவிர, இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

பதில் நன்றாக இல்லை. போரின்போது நாட்டுக்காக என்று சொல்லி அரசாங்கம் விற்ற கடன் பத்திரங்களைச் சாதாரண ஜனங்கள் நகையைக் கொடுத்தும் வாங்கியிருந்தார்கள். 1923 முடிவில் அந்தப் பத்திரம் முழுவதையும் கொடுத்தாலும் ஒரு கடிதத்துக்கு ஸ்டாம்பு வாங்க முடியாது. கடன் வாங்கியவனுக்குக் கொண்டாட்டம். வீட்டை அடமானம் வைத்தவன் ஒரு ரொட்டி விலையில் கடனை அடைத்தான். மிகப் பெரிய கடன்காரர் யார்? அரசாங்கம்தான். ஊரெல்லாம் கூச்சல் போட்டபிறகு 1925இல் ஒரு சட்டம் வந்தது. அடமானக் கடனுக்குப் பழைய மதிப்பில் 25 சதவீதம் திரும்பக் கிடைக்கும். அரசாங்கப் பத்திரத்துக்கோ வெறும் இரண்டரை சதவீதம். தனக்கு ஒரு தராசு, ஊருக்கு ஒரு தராசு. இப்படி ஏமாந்த நடுத்தர வர்க்கம் அடுத்த பத்து வருடத்தில் யார் பின்னால் போனது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். நடுவில் 1929 மந்தமும் வேலையில்லாத் திண்டாட்டமும் இருக்கின்றன. ஆனால் அரசாங்கம் அச்சடித்த எதையும் நம்பாத ஒரு தலைமுறை அங்கே உருவானது என்பது நிச்சயம்.

இப்போது சேகரிப்புக்கு வருவோம். மதுரையில் ஒரு ஸ்டாம்பு கண்காட்சியில்தான் நான் இதை வாங்கினேன். கடை போட்டிருந்த பெரியவர் ஒரே ஸ்டாம்பில் இரண்டு வகை வைத்திருந்தார். ஒன்று பளிச்சென்று புதுசு. இன்னொன்றில் கறுப்பாக முத்திரை விழுந்து அழுக்காக இருந்தது. விலை கேட்டேன். "புதுசு பத்து ரூபா தம்பி. சீல் விழுந்தது முந்நூறு."

"ஐயா, மாத்திச் சொல்றீங்களா?"

"இல்ல தம்பி, சரியாத்தான் சொல்றேன்" என்று சிரித்தார்.

பொதுவாக ஸ்டாம்பு உலகத்தில் மின்ட்டுக்குத்தான் மரியாதை. 1923 ஜெர்மனியில் மட்டும் கதை தலைகீழ். ஏன் என்றால் அடித்துக் குவித்ததில் பெரும்பகுதி விற்பதற்குள் செல்லாததாகிவிட்டது. மூட்டை மூட்டையாக மிஞ்சியது. அது உலகம் முழுக்க வியாபாரிகளிடம் போய், இன்றைக்கும் "ஐம்பது நாடுகள், ஐம்பது ஸ்டாம்புகள்" என்று சிறுவர்களுக்கு விற்கும் பாக்கெட்டில் மேக்யார் போஸ்டா, ஹெல்வேஷியாவோடு சேர்ந்து வருகிறது. நூறு வருடம் ஆகியும் தீரவில்லை. ஆனால் அந்த ஐந்தாறு நாளுக்குள் யாரோ ஒருவர் கவுண்டரில் நின்று காசு கொடுத்து வாங்கி, ஒட்டி, பெட்டியில் போட்டு, அந்தத் தேதி முத்திரையோடு போய்ச் சேர்ந்தது என்றால் அது அபூர்வம். ஆக, ஸ்டாம்பின் மேல் போட்ட 2000 கோடிக்கு மதிப்பு இல்லை. அதன் மேல் விழுந்த மைக்கறைக்குத்தான் மதிப்பு.

மதிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போலியும் வந்துவிடும். சல்லிசாகக் கிடைக்கும் புது ஸ்டாம்பை எடுத்து, பழைய தேதியோடு ஒரு முத்திரையைத் தயாரித்துக் குத்திவிட்டால் பத்து ரூபாய் முந்நூறு ஆகிவிடுகிறதே! போலி ஸ்டாம்பு அடிப்பதைவிட இது சுலபம். ஸ்டாம்பு அசல், முத்திரை மட்டும் போலி. இந்தத் தொல்லைக்காகவே பணவீக்கக் கால ஸ்டாம்புகளை மட்டும் ஆராயும் சங்கம் ஒன்றை ஜெர்மனியில் 1932இல் தொடங்கினார்கள். பெயர் இன்ஃப்லா-பெர்லின். எந்தத் தபால் நிலையத்தில் எந்த முத்திரைக் கருவி எந்த வருடம் இருந்தது என்று தேடிப் பிடித்து, அசல் என்றால் ஸ்டாம்பின் பின்னால் சின்னதாகப் பரிசோதனைக் குறி போட்டுத் தருவார்கள். ஜெர்மன் கேட்டலாக்குகளிலும் முத்திரை விழுந்ததற்குப் போட்டிருக்கும் விலை பரிசோதித்ததற்கு மட்டும்தான். என்னுடையதில் 22.11.23 என்று தேதி தெளிவாகத் தெரிகிறது. பின்னால் குறி எதுவும் இல்லை. பரிசோதனைக்கு அனுப்பலாம் என்றால் அதற்கான கட்டணமும் பதிவுத் தபால் செலவும் ஸ்டாம்பு விலையைவிடப் பல மடங்கு. ஆடிட் ஃபீஸ் கம்பெனியின் சொத்தைவிட அதிகம் :-)

வாட்டர்மார்க் என்று ஒரு தலைவலி தனியாக இருக்கிறது. 1921, 22இல் வந்த சில ஸ்டாம்புகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். தாளுக்குள் ஓடும் நீர்க்குறி ஒன்றில் சாய்சதுரம், இன்னொன்றில் வலைப்பின்னல். அதற்கு ஏற்ப விலை மாறும். கறுப்புத் தட்டில் ஸ்டாம்பைக் கவிழ்த்து வைத்து லைட்டர் திரவம் இரண்டு சொட்டு விட்டால் தெரியும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். அடுப்படிப் பக்கம் போக வேண்டாம்.

1924க்குப் பிறகு வந்தவை பார்ப்பதற்கு இன்னும் நன்றாக இருக்கும். பணம் நிலைத்ததும் ஸ்டாம்பில் முகங்கள் வந்துவிட்டன. 1926இல் கதே, ஷில்லர், பேத்தோவன், கான்ட், பாக் எல்லோரும் வந்தார்கள். அந்த வரிசையில் பழைய பிரஷ்ய மன்னர் ஃப்ரெடரிக்கையும் சேர்த்ததற்குக் குடியரசு ஆதரவாளர்கள் சண்டைக்கே போய்விட்டார்கள். 1930இல் தென்னமெரிக்காவுக்கும் 1931இல் வடதுருவப் பக்கமும் 1933இல் சிகாகோவுக்கும் பறந்த செப்பலின் ஆகாயக் கப்பலுக்கான ஸ்டாம்புகள் உண்டு. அவை நம் பட்ஜெட்டில் வராது, படத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். 1920 முதல் தனி நாடு போல இருந்த டான்சிக் நகரத்துக்கும், 1935 வரை ஜெர்மனியிலிருந்து பிரித்து வைத்திருந்த சார் பகுதிக்கும் தனி ஸ்டாம்புகள். வெர்சாய் ஒப்பந்தம் வரைபடத்தில் போட்ட கோடுகள் எல்லாம் ஆல்பத்தில் தனித்தனிப் பக்கமாகிவிடும்.

இந்த ஸ்டாம்புகளில் பெரும்பாலானவை அச்சான இடம் பெர்லினில் இருந்த ரைக்ஸ்ட்ருக்கெரை என்ற அரசு அச்சகம். 1879இல் தொடங்கியது. 1923இல் அதனால் தாக்குப்பிடிக்க முடியாமல் தனியார் அச்சகங்களையும் துணைக்கு அழைத்தார்கள். அந்தப் பெயரைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் ஊர்ப்பக்கம் வந்து முட்டிக்கொண்டேன். இருபது வருடம் கழித்து, 1943இல், அதே அச்சகம் அணாவிலும் ரூபாயிலும் விலை போட்ட ஸ்டாம்புகளை அடித்தது. மேலே எழுதியிருந்தது "ஆசாத் ஹிந்த்".

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நேதாஜியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரத்தில் போஸ் என்று பெயர் வைத்தவர் ஒருவராவது இல்லாத தெருவைக் காட்டுவது கஷ்டம். 1939 செப்டம்பரில் அவர் மதுரைக்கு வந்தபோது முத்துராமலிங்கத் தேவர் வரவேற்றார். ஃபார்வர்ட் பிளாக் பலமுறை ஜெயித்த தொகுதி உசிலம்பட்டி. அதே போஸ் 1941 ஏப்ரலில் பெர்லின் போய்ச் சேர்ந்து, அங்கே சுதந்திர இந்திய மையத்தை நடத்தினார். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு சுமார் 3000 பேர் கொண்ட ஒரு படையும் உருவானது. 1943 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே கிளம்பி, அக்டோபர் 21இல் சிங்கப்பூரில் தற்காலிக அரசை அறிவித்தார். அங்கே அவரிடம் சேர்ந்தவர்களில் மலேயாவின் தோட்டத் தொழிலாளத் தமிழர்கள் ஏராளம்.

ஹிட்லரின் அரசாங்கத்து அச்சகம் நமக்காக ஸ்டாம்பு அடித்தது என்பது எனக்கு நெருடலாகத்தான் இருக்கிறது. அவர்களுக்கு நம் விடுதலை மேல் ஒன்றும் பாசம் இல்லை. பிரிட்டிஷ்காரனுக்குத் தொல்லை கொடுக்க ஒரு வழி, அவ்வளவே. ஆனால் ஸ்டாம்புகள் நன்றாக இருக்கின்றன என்பதையும் மறைக்க முடியாது. வரைந்தவர்கள் ஜெர்மனிக்கே பல ஸ்டாம்புகள் வரைந்த ஆக்ஸ்டர்-ஹாய்ட்லாஸ் தம்பதி. ஏர் ஓட்டும் விவசாயி, ராட்டையோடு ஒரு பெண், காயம்பட்ட சிப்பாயைக் கவனிக்கும் நர்ஸ், இந்திய வரைபடத்தின் மேல் அறுந்த சங்கிலி. இயந்திரத் துப்பாக்கியோடு ஒரு சீக்கியச் சிப்பாயும் உண்டு. அது ஜெர்மன் துப்பாக்கி என்பது ஆயுதம் தெரிந்தவர்களுக்குப் பார்த்தவுடனே தெரியுமாம். உச்ச விலை 1 ரூபாய் + 2 ரூபாய், மூன்று வீரர்கள் மூவர்ணக் கொடியோடு. இது மிகக் குறைவாக அச்சானது. விலையும் அதற்கேற்ப. மற்றவை கண்காட்சிகளில் மாணவன் கைக்கு எட்டும் விலையிலேயே கிடைக்கின்றன.

இந்த ஸ்டாம்புகள் எந்தத் தபால் நிலையத்திலும் விற்பனைக்கு வரவே இல்லை. ஒரு கடிதத்தின் மேலும் ஒட்டப்படவில்லை. அதனால் 1923 ஸ்டாம்பு எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இங்கே செல்லுபடியாகாது. ஆசாத் ஹிந்த் ஸ்டாம்பில் யாராவது முத்திரையைக் காட்டி அதிக விலை கேட்டால், அது தபாலில் போனதற்குச் சான்று இல்லை, பின்னால் யாரோ குத்தியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதில் புதுசு மட்டும்தான் அசல்.

என் ஆல்பத்தில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கின்றன. இடது பக்கம் 2000 கோடி மார்க், முத்திரையோடு. வலது பக்கம் ராட்டைப் பெண், முத்திரை இல்லாமல். அப்பத்தாவிடம் இரண்டையும் காட்டி எது உசத்தி என்று கேட்டேன். ராட்டையைத்தான் தொட்டார். "இதுக்கு லெட்டர் போகுமாடா?" என்றார். போகாது என்றேன். "போகாட்டி என்ன" என்று சொல்லிவிட்டு, ஆல்பத்தை மூடாமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வீரர்கள் ஸ்டாம்புக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது கூடுதலாக ஒன்று இருந்தால், மாற்றிக்கொள்ள என்னிடம் 1923 ஜெர்மனி நிறையவே இருக்கிறது. கோடிக் கணக்கில்.